18 வயதில் இரண்டு ஆண்டு மிஷன்: மார்மன் வீரர்களின் ஆட்டம் என்னவாகிறது?

மூன்றாவது_ஸ்லிப்

2024 பாரிஸ் ஒலிம்பிக்கின் ஆண்கள் 3000 மீட்டர் ஸ்டீபிள்சேஸ் (தடைகளையும் நீர்க்குழியையும் தாண்டி ஓடும் பந்தயம்) இறுதியை நேற்று மறுபடி போட்டுப் பார்த்தேன். பதக்கக் கணக்கில் யாரும் சேர்த்திராத அமெரிக்கர் கென்னத் ரூக்ஸ், கடைசிச் சுற்றில் திடீரென்று கிளம்பி எல்லோரையும் தாண்டி முன்னால் போகிறார். மொராக்கோவின் எல் பக்காலி மட்டும்தான் அவரைப் பிடித்தார். 8:06.41, வெள்ளிப் பதக்கம்.

ஆள் யாரென்று தேடினால், உகாண்டாவில் மார்மன் மிஷனரியாக இருந்தவர் என்று வருகிறது. மலைப்பகுதிப் பயிற்சிக்குப் போகவில்லை, சுவிசேஷம் சொல்லப் போயிருக்கிறார். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் தலைமையகம் உள்ள கிறிஸ்தவச் சபை இந்த மார்மன் சபை; அதன் பையன்கள் 18 வயதுவாக்கில் இப்படி இரண்டு ஆண்டு ஊழியத்துக்கு, அதாவது மிஷனுக்கு, போவார்களாம்.

19 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பை ஆடிய பையன் ஒருவன் அடுத்த இரண்டு வருடம் பேட்டைத் தொடமாட்டேன் என்று கிளம்பினால், நம் ஊர் தேர்வாளர்கள் அவன் பெயரையே மறந்துவிடுவார்கள். அங்கே மட்டும் இது எப்படி நடக்கிறது? ஊழியத்தின்போது பயிற்சி செய்யலாமா? திரும்பி வந்தால் அணியில் இடம் இருக்குமா? போனதால் ஆட்டம் கெட்டவர்களும் இருப்பார்களே, அவர்களைப் பற்றியும் சொல்லுங்கள். வெற்றிக் கதைகள் கூகுளிலேயே நிறையக் கிடைக்கின்றன.

யூட்டா_வாசி

வேலைக்காக சால்ட் லேக் சிட்டி பக்கம் வந்து பல வருடங்கள் ஆகிவிட்டன. நான் அந்தச் சபையைச் சேர்ந்தவன் இல்லை. ஆனால் அலுவலகத்தில் மிஷன் போய்வந்தவர்கள் நிறையப் பேர், மதியச் சாப்பாட்டு நேரத்தில் அந்தக் கதைதான் ஓடும். முதலில் விதிகளைச் சொல்லிவிடுகிறேன்.

ஆண்களுக்கு 24 மாதம், பெண்களுக்கு 18 மாதம். எந்த ஊர் என்று நாம் கேட்டு வாங்க முடியாது. விண்ணப்பம் போட்டால் தலைமையகம் இடத்தை முடிவுசெய்து அனுப்பும். கானாவாகவும் இருக்கலாம், பக்கத்து மாநிலமாகவும் இருக்கலாம். சம்பளம் கிடையாது, செலவும் குடும்பத்துடையது. அமெரிக்காவிலிருந்து போகிறவர்களுக்கு மாதம் 400 டாலர் என்றிருந்ததை 2020 ஜூலையில் 500 ஆக்கினார்கள்.

வழக்கமான நாள் இப்படிப் போகும்: காலை 6:30க்கு எழுந்து அரை மணி நேரம் உடற்பயிற்சி, பிறகு வேத வாசிப்பு, அப்புறம் பொழுது சாயும்வரை தெருத்தெருவாக நடை, இரவு 10:30க்குப் படுக்கை. துணி துவைக்க, சாமான் வாங்க, கொஞ்சம் பந்து தட்ட வாரத்தில் ஒரு நாள் விடுவார்கள். எங்கே போனாலும் ஒதுக்கப்பட்ட கூட்டாளி கூடவே இருக்க வேண்டும். காதல் கூடாது. வீட்டாரோடு பேசுவதுகூட 2019 பிப்ரவரி வரை வருடத்துக்கு இரண்டே முறைதான்: கிறிஸ்துமஸுக்கு ஒன்று, அன்னையர் தினத்துக்கு ஒன்று. இப்போது வாரம் ஒருமுறை பேசலாம்.

ஆக, உங்கள் முதல் கேள்விக்குப் பதில்: காலை அரை மணி நேரம்தான் பயிற்சி. எடை தூக்கும் கூடம், பயிற்சியாளர், அணி எதுவும் இல்லை.

2012 அக்டோபரில் அப்போதைய சபைத் தலைவர் தாமஸ் மான்சன் ஆண்களுக்கான குறைந்தபட்ச வயதை 19இலிருந்து 18ஆகவும், பெண்களுக்கு 21இலிருந்து 19ஆகவும் இறக்கினார். (பெண்களுக்கும் 18 ஆனது 2025 நவம்பரில்தான்.) விளையாட்டுக்காரர்களுக்கு இது பெரிய மாற்றம். அதற்கு முன்பு பையன் கல்லூரியில் ஒரு சீசன் ஆடி, சூடு பிடிக்கும் நேரத்தில் விட்டுவிட்டுப் போவான். இப்போது பள்ளி முடித்த கையோடு போய்விட்டு வந்து, கல்லூரி ஆட்டத்தை ஒரே மூச்சாக ஆடி முடிக்கலாம்.

கல்லூரி விளையாட்டை நடத்தும் என்.சி.ஏ.ஏ.வின் விதியில் ஒரு விலக்கும் உண்டு. சேர்ந்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுக்குள் நான்கு சீசன் ஆட வேண்டும் என்பது பொதுவிதி. ராணுவ சேவையைப் போலவே அதிகாரபூர்வ சபை மிஷனில் கழித்த காலத்தையும் அந்த ஐந்தாண்டுக் கணக்கிலிருந்து கழித்துவிடுவார்கள். புரோவோவில் உள்ள பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தில், அதாவது பி.ஒய்.யு.வில், 24 வயது மாணவ வீரரைப் பார்த்து யாரும் ஆச்சரியப்படுவதில்லை.

நெடுவோட்டம்

ஓட்டத்தைப் பற்றி மட்டும் நான் சொல்கிறேன்.

பயிற்சியை விட்டால் முதலில் இறங்குவது மூச்சுத்திறன். சில வாரங்களிலேயே இரத்தத்தில் பிளாஸ்மா குறைகிறது, ஒரு துடிப்பில் இதயம் தள்ளும் இரத்தத்தின் அளவும் குறைகிறது. கேட்கப் பயமாக இருந்தாலும், மறுபடி ஓடத் தொடங்கினால் முதலில் திரும்பி வருவதும் இதுதான். தசைநாணும் எலும்பும்தான் வழிக்கு வர நாளாகும். இரண்டு வருடம் சும்மா இருந்தவன், மூச்சு வந்துவிட்டதே என்று பழைய மைலேஜை உடனே போட்டால் கால் எலும்பில் மயிரிழை விரிசல் விழும். திரும்பி வந்த முதல் ஆண்டை யார் பொறுமையாகக் கடக்கிறார்களோ அவர்கள் தப்பித்தார்கள்.

பி.ஒய்.யு.வில் அந்தப் பொறுமை ஊறிப்போன விஷயம். பயிற்சியாளர் எட் ஐஸ்டோன் 1988, 1992 ஒலிம்பிக் மாரத்தான்களில் ஓடியவர், அவரும் மிஷன் போய்வந்தவர். அவரிடம் பயின்ற மூன்று பேரைப் பாருங்கள். ஜேரட் வார்ட் பிட்ஸ்பர்க்கில் மிஷன் முடித்தவர், 2016 ரியோ மாரத்தானில் ஆறாவது. கானர் மான்ட்ஸ் கானாவில் மிஷன் முடித்துவிட்டு வந்து தேசியக் கல்லூரி கிராஸ் கன்ட்ரி பட்டத்தை இரண்டு முறை வென்றார், பாரிஸ் ஒலிம்பிக் மாரத்தானில் எட்டாவது வந்தார், 2025 அக்டோபரில் சிகாகோவில் 2:04:43 ஓடி 2002 முதல் அசையாமலிருந்த அமெரிக்கச் சாதனையை உடைத்தார். மூன்றாமவர் நீங்கள் பார்த்த ரூக்ஸ்.

இதற்கும் முந்தைய தலைமுறையில் ஹென்றி மார்ஷ் இருக்கிறார். பிரேசிலில் மிஷன், பிறகு ஸ்டீபிள்சேஸ். 1985இல் அவர் ஓடிய 8:09.17 இருபது ஆண்டுகளுக்கு மேல் அமெரிக்கச் சாதனையாக நின்றது.

இதை வைத்து "மிஷன் போனால் நன்றாக ஓடலாம்" என்று யாரும் முடிவு கட்ட வேண்டாம். மாரத்தான்காரனுக்கு 18 வயதில் அவசரமே கிடையாது, அவனுடைய நல்ல காலம் இருபதுகளின் பிற்பாதியில்தான் தொடங்குகிறது. ஜிம்னாஸ்டிக்ஸ் ஆடுகிறவரிடம் போய் இதே கணக்கைச் சொன்னால் சிரிப்பார்.

நாலாவது_டவுன்

நட்டக் கணக்குக் கேட்டாரே, அமெரிக்கக் கால்பந்துக்கு வாருங்கள்.

2011இல் நாட்டின் சிறந்த பள்ளி குவார்ட்டர்பேக்குகளுக்கான (பந்தை எறிந்து அணியின் தாக்குதலை நடத்துபவர்கள்) எலைட் 11 முகாமில், சிறந்தவர் பட்டத்தை இரண்டு பேருக்குப் பகிர்ந்து கொடுத்தார்கள். ஒருவர் ஜேமிஸ் வின்ஸ்டன், இன்னொருவர் டேனர் மேங்கம். வின்ஸ்டன் ஃபுளோரிடா ஸ்டேட் போனார். 2013இல் சிறந்த கல்லூரி வீரருக்கான ஹெய்ஸ்மன் கோப்பை, தேசியப் பட்டம், 2015 ஏப்ரலில் தொழில்முறை லீகான என்.எஃப்.எல்.லின் டிராஃப்டில் (அணிகள் முறைவைத்துப் புது வீரர்களை எடுக்கும் நிகழ்வு) முதல் தேர்வு. மேங்கம் பி.ஒய்.யு.வில் சேர்ந்து, சிலி நாட்டுக்கு மிஷன் போய், 2015 ஜூனில் திரும்பினார். ஒரே படியில் நின்ற இரண்டு பேரில் ஒருவர் கோடீஸ்வரராகிவிட்டார், மற்றவர் கல்லூரியில் இன்னும் ஒரு பந்துகூட வீசவில்லை.

அதன்பின் நடந்ததுதான் சுவையானது. அந்தச் செப்டம்பரில் நெப்ராஸ்காவுக்கு எதிரான முதல் ஆட்டத்தில் பி.ஒய்.யு.வின் முதன்மைக் குவார்ட்டர்பேக் டேசம் ஹில் காயப்பட்டு வெளியேற, மேங்கம் உள்ளே வந்தார். மிஷனிலிருந்து வந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. ஆட்டத்தின் கடைசிப் பந்தை 42 யார்டு தூரத்திலிருந்து எறிந்து டச்டவுன் வாங்கி ஜெயித்துக் கொடுத்தார். அன்று அந்த எறிதலைப் பார்த்த யாரும் "இரண்டு வருடம் வீண்" என்று சொல்லியிருக்கமாட்டார்கள். ஆனால் அடுத்த ஆண்டு ஹில் திரும்பியதும் மேங்கம் பெஞ்சுக்குப் போனார். 2017இல் குதிகால் நாண் அறுந்தது. மன அழுத்தமும் பதற்றமும் தன்னை வாட்டியதை அதே ஆண்டில் வெளிப்படையாகச் சொன்னார். என்.எஃப்.எல்.லில் அவர் ஆடவே இல்லை. இதற்கெல்லாம் மிஷன்தான் காரணம் என்று சொல்ல வழியில்லை. ஆனால் 19, 20 வயதில் அவருக்கு நடந்திருக்க வேண்டிய கற்றல் நடக்கவில்லை என்பது உண்மை.

என் பார்வையில் உடம்பு இரண்டாம் பட்சம், சந்தைதான் சிக்கல். என்.சி.ஏ.ஏ. இழந்த இரண்டு வருடத்தைத் திருப்பித் தருகிறது, என்.எஃப்.எல். தராது. குவார்ட்டர்பேக் ஜான் பெக் போர்ச்சுகலில் மிஷன் முடித்து, பி.ஒய்.யு.வில் பிரமாதமாக ஆடி, 2007இல் 40ஆவது ஆளாகத் தேர்வானபோது வயது 25. மிஷன் போகாத இன்னொரு குவார்ட்டர்பேக் ஆரன் ராட்ஜர்ஸ் தேர்வானது 21 வயதில். ஒரு அணி மேலாளர் இருவரையும் எடைபோடும்போது, "இவன் இன்னும் வளர்வான்" என்ற வார்த்தையை 25 வயதுக்காரனுக்குச் சொல்லமாட்டார். இன்று டிராஃப்டில் வருகிறவருக்கு முதல் ஒப்பந்தம் நான்கு ஆண்டு. பெரிய பணம் இரண்டாவது ஒப்பந்தத்தில்தான். 25இல் நுழைந்தவனுக்கு அந்தப் பேரம் 29இல் வருகிறது. பந்தைச் சுமந்து ஓடி அடிவாங்கும் ரன்னிங் பேக்காக இருந்தால் அந்த வயதில் யாரும் பேரமே பேசமாட்டார்கள்.

ஹில்லே சிட்னியில் மிஷன் முடித்தவர்தான். காயங்கள் வேறு சேர்ந்து, யாரும் டிராஃப்டில் எடுக்காமல், 27 வயதில் முதல் என்.எஃப்.எல். சீசன். நியூ ஆர்லியன்ஸில் எல்லா இடத்திலும் ஆடும் ஆளாகத் தன்னை மாற்றிக்கொண்டு நிலைத்தார். அது விதிவிலக்கு.

எதிர்க்கட்சி

இரண்டு விஷயம்.

ஒன்று, 18 வயதுப் பையன்களுக்கு எதிரே 24, 25 வயது ஆண்களை இறக்கிவிட்டு இதை நட்டம் என்று வேறு சொல்கிறீர்கள். முன்வரிசையில் முட்டி மோதும் லைன்மேன் இடத்தில் அந்த ஆறு வயது வித்தியாசம் என்ன செய்யும் என்று ஆடிப்பார்த்தால் தெரியும். பி.ஒய்.யு.வோடு மோதுகிற அணிகளின் ரசிகர்கள் புலம்புவதில் நியாயம் இருக்கிறது.

இரண்டு, "விருப்பப்பட்டுப் போகிறார்கள்" என்று எல்லோரும் எழுதுகிறார்கள். தாத்தா போனார், அப்பா போனார், அண்ணன் போனான், பக்கத்து வீட்டுப் பையனும் போகிறான் என்றால் அங்கே விருப்பத்துக்கு என்ன இடம்? பாதியில் திரும்பி வந்தவனை ஊர் எப்படிப் பார்க்கும்?

யூட்டா_வாசி

இரண்டாவதைப் பற்றி: சபையின் பார்வையில் ஆண்களுக்கு அது கடமை, பெண்கள் விரும்பினால் போகலாம். சட்டமோ தண்டனையோ கிடையாது. ஆனால் நீங்கள் சொல்லும் அழுத்தம் உண்மைதான். இங்கே 20 வயதுப் பையனைப் பார்த்தால் முதல் கேள்வியே "எங்கே மிஷன் போனாய்?" என்பதுதான். உடல்நலம், மனநலம் காரணமாகச் சீக்கிரம் திரும்பியவர்கள் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லக் கூசுவதைப் பார்த்திருக்கிறேன்.

அதே சமயம் போகாத பெரிய பெயர்களும் உண்டு. குவார்ட்டர்பேக் ஸ்டீவ் யங் சபையின் இரண்டாவது தலைவர் பிரிகாம் யங்கின் நேரடி வாரிசு, மிஷன் போகவில்லை. என்.எஃப்.எல். இறுதியாட்டமான சூப்பர் பவுலில் ஆறு டச்டவுன் எறிந்தார். இங்கே அவரைக் கொண்டாடத்தான் செய்கிறார்கள். ஆனால் ஸ்டீவ் யங் போகாததை மன்னிக்கிற ஊர், மூன்றாம் வரிசை லைன்பேக்கர் போகாததை அவ்வளவு எளிதாக விடுமா என்பது வேறு கேள்வி.

நெடுவோட்டம்

மேற்கோள்: "அந்த ஆறு வயது வித்தியாசம்"

வயது கூடுகிறது, சரி. ஆனால் அந்த இரண்டு வருடம் எடை தூக்கவில்லை, யாரையும் மோதவில்லை. ஐந்தாம் ஆண்டு ஆடும் எந்தக் கல்லூரி வீரனுக்கும் 22, 23 வயது ஆகிறது. வித்தியாசம் நீங்கள் சொல்லுமளவு இல்லை.

எதிர்க்கட்சி

23க்கும் 25க்கும் உள்ள வித்தியாசத்தை லேசாகச் சொல்கிறீர்கள். உங்கள் விளையாட்டில் யாரும் யார் மேலும் விழுவதில்லை.

சிட்னி_மேற்கு

வணக்கம். இங்கே சிட்னி மேற்கில் டொங்கா, சமோவா ஆட்கள் நிறைய இருக்கிறார்கள். அவர்களில் கணிசமானோர் இந்தச் சபையைச் சேர்ந்தவர்கள், பிள்ளைகள் எல்லோரும் ரக்பி லீக். வில் ஹொபோயாட்டை விட்டுவிட்டு இந்த விசயத்தைக் கதைக்கவே ஏலாது.

2011. வயது 19. அந்த ஒரே ஆண்டில் நியூ சவுத் வேல்ஸுக்காக ஸ்டேட் ஆஃப் ஒரிஜின் (நியூ சவுத் வேல்ஸும் குவின்ஸ்லாந்தும் மோதும் தொடர்), பிறகு மேன்லி அணியோடு லீகின் இறுதியாட்டமான கிராண்ட் ஃபைனலில் வெற்றி. ஆஸ்திரேலிய ரக்பி லீக்கில் இதற்கு மேல் ஒரு பொடியனுக்கு என்ன வேண்டும்? சீசன் முடிந்ததும் மிஷனுக்குப் போய்விட்டார். குவின்ஸ்லாந்துக்கு! ஒரிஜினில் எதிரணி மாநிலம். அப்போது இங்கே தேநீர்க் கடைகளில்கூட அதுதான் கதை. கல்லூரி விதி, ஐந்தாண்டுக் கணக்கு என்று எந்தப் பாதுகாப்பும் இங்கே இல்லை என்பதைக் கவனியுங்கள். இது முழுநேரத் தொழில். விட்டுப் போனால் போனதுதான்.

2014இல் பாரமாட்டாவுக்கு ஆடத் திரும்பினார். 2015இல் மறுபடி ஒரிஜின் அணியில் இடம். பிறகு புல்டாக்ஸ், டொங்கா தேசிய அணி. ஆக, ஆட்டம் கெட்டது என்று சொல்ல ஏலாது. ஆனால் 19 வயதில் அவரிடம் இருந்த அந்தப் பயமின்மையை நான் பிறகு பார்க்கவில்லை. உடம்பு கனத்தது, ஆட்டம் நிதானமானது. மிஷனா, வயதா, அணி மாறியதா என்று தெரியாது, ஒரு ரசிகனாக மனதில் பட்டதைச் சொல்கிறேன். புல்டாக்ஸில் இருந்தபோது ஞாயிற்றுக்கிழமை ஆடமாட்டேன் என்று சொல்லி, பின்னர் மனம் மாறி ஆடினார். அந்தப் பிரச்சினைதான் மிஷனைவிட அதிகத் தலையிடியாக இருந்தது.

சிங்கைக்காரன்

எங்களுக்கு இது புதிதே இல்லை. சிங்கப்பூரில் 18 வயதானால் ஆண்களுக்கு இரண்டு ஆண்டு தேசிய சேவை. 2018இல் பென் டேவிஸ் என்ற பையன் இங்கிலாந்தின் ஃபுல்ஹம் கிளப்பில் தொழில்முறை ஒப்பந்தம் பெற்றார். சேவையைத் தள்ளிவைக்கக் கேட்டார், அரசு மறுத்தது. அப்போது நாடே இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டது. மார்மன் பையனுக்காவது வேண்டாம் என்று சொல்லும் உரிமை இருக்கிறது.

எதிர்க்கட்சி

அரசாங்கத்தை எதிர்த்து வழக்குப் போடலாம், தேர்தலில் மாற்றி ஓட்டுப் போடலாம். அம்மாவின் முகத்தை எதிர்த்து என்ன போடுவது?

மூன்றாவது_ஸ்லிப்

அண்ணே, அதற்குப் பதிலே இல்லை :)

கூடைப்பந்து பற்றி யாரும் சொல்லவில்லையே? என்.பி.ஏ.வில் 19 வயதிலேயே எடுத்துவிடுகிறார்களே.

நாலாவது_டவுன்

அங்கே கணக்கு இன்னும் கொடூரம். ஜபாரி பார்க்கர் சிகாகோவின் பள்ளி நட்சத்திரம், பக்தியுள்ள மார்மன் குடும்பம். மிஷன் போவாரா என்பது அப்போது நாடளாவிய விவாதம். டியூக் பல்கலைக்கழகத்தில் ஒரு வருடம் ஆடிவிட்டு, மிஷனுக்குப் போகாமல் 2014 டிராஃப்டில் இரண்டாவதாகத் தேர்வானார். அந்த டிசம்பரிலேயே இடது முழங்கால் தசைநார் அறுந்தது. 2017இல் அதே காலில் மறுபடியும். போகாமலிருந்ததும் அவரைக் காப்பாற்றவில்லை. ஆனால் முதல் ஒப்பந்தப் பணம் கைக்கு வந்துவிட்டது, அது சின்ன விஷயமில்லை.

நேர் எதிர் உதாரணம் ஷான் பிராட்லி. ஏழரை அடி உயரம். பி.ஒய்.யு.வில் ஒரே ஒரு சீசன் ஆடி, ஆஸ்திரேலியாவில் இரண்டு வருட மிஷன், திரும்பி வந்து ஒரு கல்லூரி ஆட்டம்கூட ஆடாமல் 1993 டிராஃப்டில் இரண்டாவது. உயரத்தை மிஷன் குறைத்துவிடாது என்று அணிகளுக்குத் தெரியும். மற்றவர்களுக்கு அந்தச் சலுகை கிடையாது.

பி.ஒய்.யு.வுக்குள்ளேயே ஒரு நல்ல ஜோடி இருக்கிறது. ஜிம்மர் ஃப்ரெடெட் மிஷன் போகவில்லை, 2011 டிராஃப்டில் பத்தாவது தேர்வு. டைலர் ஹாஸ் நடுவில் பிலிப்பைன்ஸ் மிஷன் போய்வந்து, 2015இல் ஜிம்மரின் மொத்தப் புள்ளிச் சாதனையையே தாண்டினார். என்.பி.ஏ.வில் யாரும் அவரை எடுக்கவில்லை. ஜிம்மருக்கும் என்.பி.ஏ. சரிப்படவில்லை என்பதால் மிஷன் மேல் மட்டும் பழி போட முடியாது.

எனக்குப் பிடித்தவர் மார்க் மேட்சன். ஸ்பெயினில் மிஷன், ஸ்டான்ஃபோர்டில் படிப்பு, பிறகு என்.பி.ஏ.வின் லேக்கர்ஸ் அணியோடு 2001, 2002 பட்டங்கள். லாஸ் ஏஞ்சலஸ் வெற்றி ஊர்வலத்தில் ஸ்பானிய மொழியில் பேசி, மேடையில் ஒரு ஆட்டமும் போட்டார். கேவலமான நடனம். இன்றுவரை மக்கள் மறக்கவில்லை.

கோல்கம்பம்

எல்லோரும் வயதையே பேசுகிறீர்கள். 2021க்குப் பிறகு கல்லூரி வீரர்கள் தாராளமாக அணி மாறலாம், விளம்பரப் பணமும் வாங்கலாம். இரண்டு வருடம் கண்ணில் படாத பையனுக்கு அந்த உலகத்தில் என்ன நடக்கும்? கூடைப்பந்து வீரர் காலின் சாண்ட்லர் பி.ஒய்.யு.வுக்கு வருவதாகச் சொல்லிவிட்டு மிஷன் போனார், சியரா லியோனில் ஊழியம் செய்தார். அவர் திரும்புவதற்குள் பி.ஒய்.யு. பயிற்சியாளர் மார்க் போப் 2024 ஏப்ரலில் கென்டக்கி பல்கலைக்கழகத்துக்கு மாறிவிட்டார். சாண்ட்லரும் அவர் பின்னாலேயே கென்டக்கி போனார். அவருக்கு நல்லபடியாக முடிந்தது. ஆனால் நடுத்தர வீரன் ஒருவனை நினைத்துப் பாருங்கள். கூப்பிட்ட பயிற்சியாளர் போய்விட்டார், புதியவருக்கு இவன் யாரென்றே தெரியாது, அவன் இடத்தில் வேறு கல்லூரியிலிருந்து தயாராக ஒருவனை வாங்கி வைத்துவிட்டார்கள். பழைய காலத்தில் பயிற்சியாளர்கள் பத்து, இருபது வருடம் இருந்தார்கள், வாக்கு வாக்காக இருந்தது. இனிமேல்தான் மிஷனின் விலை உண்மையில் ஏறப்போகிறது.

நாலாவது_டவுன்

இதை ஒத்துக்கொள்கிறேன். நான் சொன்ன சந்தைச் சிக்கல் முன்பு 25 வயதில் வந்தது, இப்போது 20 வயதிலேயே வந்துவிட்டது.

மழைக்கால_ஓட்டக்காரி

பெண்களைப் பற்றி ஒரு வரிதான் வந்திருக்கிறது. 2012இல் வயது 21இலிருந்து 19 ஆனது பெண்களுக்குத்தான் அதிகம் உறுத்தியிருக்கும். 21 என்றால் கல்லூரி ஆட்டத்தை ஏறக்குறைய முடித்துவிட்டுப் போகலாம், அல்லது போகாமலே விட்டுவிடலாம், யாரும் கேட்கமாட்டார்கள். 19 என்றால் நட்டநடுச் சீசன். கடமை இல்லை என்று சொல்லிக்கொண்டே வாசலைத் திறந்து வைத்துவிட்டார்கள். பதினெட்டு மாதம் கழித்து வருகிற பெண்ணிடம் அடுத்து "கல்யாணம் எப்போது?" என்றும் கேட்பார்கள். பையன்களுக்கு மிஷன் மட்டும்தான் இடைவெளி, இவர்களுக்கு அது முதல் இடைவெளி.

யூட்டா_வாசி

சரியாகச் சொன்னீர்கள். அந்தக் கேள்வியை இங்கே என் காதாலேயே கேட்டிருக்கிறேன்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. மிஷன் சில வீரர்களை வெளியே அனுப்புவது போல, சிலரைக் கொண்டும் வருகிறது. கானாவின் அக்ராவைச் சேர்ந்த ஸிக்கி ஆன்ஸா, மிஷனரித் தொடர்பால் சபையில் சேர்ந்து பி.ஒய்.யு.வுக்கு வந்தவர். கூடைப்பந்து அணியில் இடம் கிடைக்கவில்லை, தடகளத்தில் ஓடினார், 2010இல்தான் முதன்முதலாக அமெரிக்கக் கால்பந்தின் தோள்கவசத்தை மாட்டினார். 2013 டிராஃப்டில் ஐந்தாவது தேர்வு.

மூன்றாவது_ஸ்லிப்

கடைசியாக ஒன்று. ஆடி முடித்து ஓய்வு பெற்றபின் மிஷன் போனால் என்ன? ஆட்டத்துக்கும் நட்டமில்லை, சபைக்கும் நட்டமில்லையே.

யூட்டா_வாசி

இளைஞர் மிஷன் 18 முதல் 25 வயது வரையுள்ள திருமணமாகாத ஆண்களுக்குத்தான். அதைத் தாண்டினால் பிற்காலத்தில் மனைவியோடு மூத்த தம்பதியாகப் போகலாம், அல்லது சபை கூப்பிட்டால் மிஷன் தலைவராகப் போகலாம். பேஸ்பாலின் டேல் மர்ஃபி அப்படித்தான். 1982, 1983 இரண்டு ஆண்டும் நேஷனல் லீகின் சிறந்த வீரர். ஓய்வுக்குப் பிறகு 1997 முதல் 2000 வரை குடும்பத்தோடு பாஸ்டன் மிஷனை நடத்தினார். மைதானத்தை விட்டு வந்த பையன்களும் அவருக்குக் கீழே இருந்திருப்பார்கள். அவர்களிடம் அவர் என்ன சொல்லியிருப்பார் என்று தெரிந்துகொள்ள எனக்கும் ஆசைதான்.